மூன்றாம் நம்பருக்கு ஓய்வு

வார விடுமுறை நாள், காலை எட்டு மணி. காத்தக்கா மூன்றாம் நம்பர் கம்ப்ரஸரின் பச்சைப் பட்டனை அழுத்தினாள். காக்கிச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, சுவரில் இருந்த பெரிய வட்ட மீட்டருக்கு எதிரே போய் நின்றாள். மெஷின் முதலில் இருமியது, பிறகு உறுமியது, பிறகு தன் வழக்கமான இரைச்சலுக்கு வந்து சேர்ந்தது. முதல் இரண்டு மெஷின்களையும் அவள் போடவில்லை. வெளியே அட்டைப்பெட்டி ஆலை முழுக்க அமைதியாகக் கிடந்தது. அச்சடிக்கும் லைன், வெட்டும் லைன், ஒட்டும் லைன், கட்டும் லைன் எல்லாம் நிறுத்தம். காற்றைக் குடிக்க ஒரு மெஷின்கூட விழித்திருக்கவில்லை. அப்படியென்றால் இந்த ஒற்றை மெஷின் குழாய்களை நிரப்பி, மீட்டர் முள்ளை ஏழில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தானும் ஓய்ந்திருக்க வேண்டும். முள் ஐந்தைத் தாண்டி அரை விரல்கடை ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது. பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று, முள் அசைவேனா என்றது. யாருமே டீ குடிக்காத வீட்டில் ஒருத்தி விடாமல் டீ போட்டுக்கொண்டே இருந்தால் அந்த டீயெல்லாம் எங்கே போகிறது என்று கேட்க மாட்டோமா? பன்னிரண்டு வருஷமாக இந்த ஆலையில் யாரும் கேட்கவில்லை.

அவளுக்குக் காத்தக்கா என்று பெயர் வைத்தது கட்டும் லைன் பெண்கள். ஆலையின் காற்று முழுக்க அவள் கையில்தான் இருந்தது. அந்த மூன்று மெஷின்களும் வெளிக்காற்றை உறிஞ்சி, இறுக்கி, கூரையை ஒட்டி ஓடும் குழாயில் அனுப்பும். அட்டையை எடுத்து வைக்கும் இரும்புக் கைகள், மடிக்கும் பலகைகள், பசை தெளிக்கும் மூக்குகள் எல்லாம் அந்தக் காற்றால்தான் அசையும். கூட்டிப் பெருக்க வந்தவள், மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டு, இரண்டு பரீட்சை எழுதி, அந்த அறைக்குப் பொறுப்பாளி ஆனவள். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. ஏன் இருக்கக் கூடாது? மெஷினின் சத்தத்தில் ஒரு சுருதி பிசகினால் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தபடியே, "ரெண்டாம் நம்பருக்கு எண்ணெய் காட்டணும்" என்று எழுந்து போவாள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மின்சாரத்தின் மேல் அவளுக்கு ஒரு சொந்தக் கோபமும் இருந்தது. அவள் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊரில் அனல் மின் நிலையம் இருக்கிறது. வெள்ளைத் துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பினால் சாம்பல் நிறத்தில் தொங்கும். தங்கை வாரத்துக்கு இரண்டு முறையாவது போன் செய்வாள். பாதிப் பேச்சு இந்தப் பக்கத்து இரைச்சலில் போய்விடும். "சத்தமா பேசுக்கா, ஒண்ணுமே கேக்கல" என்பதுதான் பன்னிரண்டு வருஷமாகத் தங்கை அதிகம் சொன்ன வாக்கியம்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக்குப் பதினான்கு ஆலைகள். எல்லாரும் இந்த வருஷத்துக்குள் மின்சாரத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும், புகையைக் குறைக்க வேண்டும், பூமியைக் காக்க வேண்டும். நல்ல விஷயம்தான். அதற்கு ஆலையில் என்ன செய்தார்கள்? கழிப்பறைக் கதவுகளில் 'விளக்கை அணைக்கவும்' என்று பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மேனேஜர் ஒரு மரக்கன்று நட்டு, பூவாளியோடு போட்டோ எடுத்துக்கொண்டார். கன்று பிழைத்ததா என்று கேட்காதீர்கள். அதே வாரம் கடைக்கோடியில் இருக்கும் கட்டும் லைனுக்குக் காற்று போதவில்லை என்று புகார் வந்தது. உடனே மேனேஜர் கூட்டம் போட்டு, நாலாவதாக ஒரு கம்ப்ரஸர் வாங்கிவிடலாம் என்றார். இருக்கிற மூன்றையும்விடப் பெரியது. பூமியைக் காக்கும் கடிதம் மேஜையில் இடது பக்கம், புது மெஷினுக்கான ஆர்டர் வலது பக்கம். நடுவில் அவர்.

காத்தக்கா அன்றைக்குக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள்.

"காத்து போதாம இல்ல சார். நாம போடற காத்துல பாதி லைனுக்குப் போய்ச் சேரவே இல்ல. வழியிலயே ஒழுகுது."

"எங்கம்மா ஒழுகுது? தண்ணியா, தரையில பாக்கறதுக்கு?"

"அதுதான் சார் வம்பே. தண்ணியா இருந்தா இத்தனை வருஷம் சும்மா விட்டிருப்போமா?"

யாரோ சிரித்தார்கள். மேனேஜருக்குச் சுருக்கென்றது. "பட்டன் அமுக்கறது உங்க வேலை. என்ன மெஷின் வாங்கறதுங்கறத நாங்க பாத்துக்கறோம்" என்றுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இருபது பேர் முன்னால் வாய் தவறிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. காத்தக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. எதிரே கிடந்த காகிதத்தை இழுத்து, அங்கேயே எழுதினாள். நாலாவது மெஷின் வேண்டாம். இருக்கிற மூன்றில் ஒன்றையே நிறுத்திக் காட்டுகிறேன். ஒரு விடுமுறை நாளும் இருபது ஆட்களும் கொடுங்கள். முடியாவிட்டால் இந்த அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். கீழே கையெழுத்து.

மேனேஜர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "லீவு நாள் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம். மூணாம் நம்பர் தானா நின்னா ஆர்டரக் கிழிச்சிடறேன். நிக்கலேன்னா மறுநாள் காலையில கையெழுத்துப் போடுவேன்" என்றார்.

தானாக நிற்பது என்பது சும்மா பேச்சில்லை. மூன்றாம் நம்பர் மெஷினின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. முள் ஏழைத் தொட்டால் மெஷின் இறுக்குவதை விட்டுவிட்டு வெறுமனே சுற்றும். ஐந்து நிமிஷத்துக்குள் யாரும் காற்று கேட்காவிட்டால் மோட்டார் தானே நின்று, அந்த மஞ்சள் விளக்கு எரியும். மெஷினோடு வந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. பல்பு பியூஸ் போயிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

இன்று விடுமுறை நாளிலும் இருபது பேர் கேட்டதற்கு முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அவள் கணவர் அதே ஆலையில் பிட்டர். ஏணி, ஸ்பானர், ரப்பர் வளையம், புது கிளிப் எல்லாவற்றையும் நாலு வண்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு சோப்புத் தண்ணீர் வாளியும் பெயிண்ட் பிரஷும். மூட்டு மூட்டாகத் தடவ வேண்டும், நுரை பொங்கினால் அங்கே ஓட்டை. நுரை பொங்கின இடத்தில் ஒரு நீல நாடா கட்ட வேண்டும், பிட்டர் பின்னாலேயே வந்து அடைப்பார்.

முதல் அரை மணியிலேயே எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. மெஷின்கள் ஓடும்போது கேட்காத சத்தமெல்லாம் இப்போது கேட்டது. ஆலை முழுக்கச் சீறிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு ஸ்ஸ், அங்கே ஒரு ஃபூ, கூரையில் ஒரு விசில். சோப்பு நுரை முட்டை முட்டையாக ஊதிக்கொண்டு வந்தது. "என்னங்கடா இது, சல்லடையில குழாய் செஞ்சு மாட்டியிருக்கானுங்க!" என்று ஏணி உச்சியிலிருந்து ஒருவர் கத்தினார். பத்து மணிக்குள் நீல நாடா தீர்ந்துபோய், அட்டை கட்டும் கயிற்றை வெட்ட ஆரம்பித்தார்கள்.

கட்டும் லைனில் ஒரு சண்டை வந்தது. அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தியை எல்லாரும் ரேடியோ என்பார்கள். ஏன் என்று அவளோடு ஐந்து நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். அவள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே காற்றுக் குழாயில் வரிசையாக ஆறு ஓட்டைகள். தானாக விழுந்த ஓட்டை இல்லை. ஆணியைச் சுட வைத்துப் போட்ட ஓட்டை.

"இத மட்டும் அடைக்க விட மாட்டேன்க்கா. பசை காயற சூட்டுல எட்டு மணி நேரம் நிக்கறது நாங்க. இந்தக் காத்தும் இல்லேன்னா வெந்து போயிடுவோம்."

"அடிப்பாவி, இந்த ஆறு ஓட்டைக்குப் போற கரண்ட்ல அறுபது ஃபேன் சுத்தும்டி."

"சுத்தும், சுத்தும். அந்த அறுபதுல ஒண்ண மொதல்ல காட்டுங்க. மூணு வருஷமா கேட்டுட்டு இருக்கோம்."

நியாயமான பேச்சு. காத்தக்கா நேரே மாடிக்குப் போனாள். மேனேஜர் அறையில், ஏசி ஓடும் அறையில், மூலையில் ஒரு நெட்டை ஃபேன் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இது உங்களுக்கு வேணுமா சார்?" என்று கேட்டாள். ஃபேன் கீழே வந்தது. ரேடியோ அதைப் போட்டுப் பார்த்து, முகத்தை நீட்டிக் கண்ணை மூடி நின்றுவிட்டு, "சரி, அடைச்சுக்கோங்க" என்றாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் நூற்று நாற்பத்தெட்டு ஓட்டைகள் அடைபட்டிருந்தன. முள் ஆறைத் தாண்டிவிட்டது. எல்லாரும் முள்ளைப் பார்க்க வந்து வந்து போனார்கள். பிட்டர் எண்ணெய்க் கையோடு வந்து நின்று, "ஏறிடும், பாரேன்" என்றார். ஆனால் ஆறரைக்குக் கொஞ்சம் மேலே போனதும் முள் நின்றுவிட்டது. ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. சோப்புத் தண்ணீரோடு மறுபடியும் முதலிலிருந்து கடைசி வரை போய் வந்தார்கள். எங்கேயும் நுரை பொங்கவில்லை. மூன்றாம் நம்பர் தன் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு செத்த கண் மாதிரி இருந்தது. இரண்டரை மணிக்கு மேனேஜர் வந்து மீட்டரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது காத்தக்காவுக்கு.

அவள் யாரையும் கூப்பிடாமல் தனியாக நடந்தாள். குழாயையே பார்த்துக்கொண்டு, கம்ப்ரஸர் அறையிலிருந்து கடைக்கோடி வரை. கண்ணில் படுகிற ஒவ்வொரு மூட்டும் பளபளவென்று துடைத்து அடைத்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, எல்லாவற்றையும் தொட்டாயிற்று. தொடாதது என்ன இருக்கிறது? ஆறாம் தூணுக்குப் பக்கத்தில் கால் தானாக நின்றது. மேலே இருந்து இறங்கும் ஒரு கிளைக் குழாய், அதன் அடியில் ஒரு சின்ன வால்வு, வால்வுக் கைப்பிடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. காலையிலிருந்து முப்பத்தொரு பேரும் அந்த வால்வைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் அதில் கை வைக்கவில்லை. ஏனென்றால் அது அக்காவின் குறி.

அந்தக் குறிக்கு ஒன்பது வயது. காற்றை இறுக்கினால் ஈரம் தண்ணீராகிக் குழாயில் தேங்கும். அதை வடிப்பதற்குத்தான் குழாய் நெடுக இப்படிப் பதினோரு வால்வுகள். முறைப்படி ஒவ்வொரு ஷிப்டுக்கும் திறந்து, தண்ணீரை வடித்து, மூட வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் மறந்துவிட்டாள். தண்ணீர் அச்சு மெஷினுக்குள் போய், ஒரு லாரி அட்டை நனைந்து வீணாயிற்று. இதே மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றைக்கே அவள் முடிவு செய்தாள், இனி ஜென்மத்துக்கும் தண்ணீர் தேங்கக் கூடாது. பதினோரு வால்வையும் கால் சுற்று திறந்தே விட்டாள். திறந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டாள், யாரும் திருப்பக் கூடாது என்று மூன்று ஷிப்டுக்கும் சொல்லி வைத்தாள். சீறும் சத்தம் காதைத் துளைத்ததால் வாயில் பழந்துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டினாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் மெஷினுக்குள் போனதில்லை. அதைச் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறாள்.

அவள் கையை நீட்டித் துணிக்கு அடியில் உள்ளங்கையை வைத்தாள். காற்று கையைத் தள்ளியது. ஈரம் துளியும் இல்லாத, சுத்தமான, இறுக்கின காற்று. ஒன்பது வருஷமாக அதைத் தண்ணீர் போகிற வழி என்றே நினைத்திருந்தாள். தண்ணீர் இல்லாத நேரத்தில் அந்த வழியில் என்ன போகும் என்று இந்த மண்டையில் ஏன் உறைக்கவே இல்லை? ஆலைக்கே ஓட்டை தேட வந்தவள், பதினோரு ஓட்டையைத் தன் கையாலேயே போட்டு, பெயிண்டும் அடித்து வைத்திருக்கிறாள்.

பிட்டர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். அவள் கை இருந்த இடத்தைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாரும் டீ குடிக்கப் போயிருக்காங்க. நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் வரேன். பத்து நிமிஷத்துல மூடிடலாம். யாருக்கும் தெரியாது."

"தெரியாதுதான்" என்றாள்.

"அப்புறம் என்ன? முள்ளு ஏறும், நீ ஜெயிச்சிடுவ. வாயை மூடிட்டு இரு, போதும்."

அவர் சொன்னதில் தப்பில்லை, பெண்டாட்டி தலைகுனியக் கூடாது என்கிற அக்கறைதான். அவளும் ஒரு கணம் வால்வின் மேல் கையை வைத்தாள். திருப்பினால் முடிந்தது. பிறகு நாளைக்கு ராத்திரி ஷிப்டுக்காரர் வருவார், வால்வு கோட்டை விட்டு நகர்ந்திருப்பதைப் பார்ப்பார், அட அக்கா குறியாச்சே என்று மறுபடியும் திறந்துவிடுவார். ஒன்பது வருஷமாக அவள் சொல்லிக்கொடுத்தது அதுதானே. பேசாமல் மூடினால் ஓட்டை மூடாது.

"இல்லங்க. போட்டவ நான். நானே சொல்றேன்" என்றாள்.

டீ இடைவேளையில் எல்லாரும் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரும் ஒரு டம்ளரோடு ஓரமாக நின்றிருந்தார். காத்தக்கா நடுவில் வந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. பெரிய ஓட்டை எதுன்னு கண்டுபிடிச்சாச்சு. சிவப்புக் குறி போட்ட வால்வு, பதினொண்ணும். அதத் தெறந்து வச்சது நான். தெறந்தே இருக்கணும்னு உங்களுக்கெல்லாம் சொன்னதும் நான்தான். நான் சொன்னது தப்பு. இனிமே அது மூடியிருக்கணும். ஷிப்டுக்கு ஒரு தடவ தெறந்து தண்ணிய வடிச்சிட்டு மறுபடி மூடணும்."

ரேடியோவே பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காத்தக்கா தலையைக் குனியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று மேனேஜரையே பார்த்தாள்.

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு அந்தத் தண்ணி விஷயத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நான் போட்ட சத்தத்துக்கு யாரா இருந்தாலும் தெறந்துதான் வச்சிருப்பாங்க. அந்த ஓட்டையில பாதி என்னோடதும்மா" என்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஒண்ணாம் நம்பர் வால்வு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"எங்க லைன்ல இருக்கறத நான் பாத்துக்கறேன்க்கா" என்று ரேடியோ எழுந்தாள். "தெனமும் தெறந்து மூடறதும் நானே செய்யறேன். நீங்க ஒருத்தரே பதினொண்ணுக்கும் ஓடினா காலு என்னத்துக்கு ஆகும்?" இன்னும் ஒன்பது பேர் கை தூக்கினார்கள். ஆளுக்கொரு வால்வு. பதினோராவது வால்வைப் பிட்டர் எடுத்துக்கொண்டார். காத்தக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. தன் ஆலை, தன் ஆட்கள் என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மூன்று நாற்பதுக்குக் கடைசி வால்வு மூடியது. அவள் கம்ப்ரஸர் அறைக்கு வந்தபோது முள் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறியது, பன்னிரண்டு வருஷத்தில் அது அப்படி ஏறி அவள் பார்த்ததே இல்லை. ஏழைத் தொட்டது. 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு, மெஷின் இறுக்குவதை நிறுத்தி வெறுமனே சுற்றத் தொடங்கியது. வாசலில் முப்பத்தொரு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஒரு நிமிஷம். இரண்டு. முள் ஒரு மயிரிழை இறங்கியது. "இருடி, இருடி" என்று காத்தக்கா முள்ளிடம் சொன்னாள். மூன்று. நாலு. மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மெஷினைப் பார்த்தார்.

மோட்டார் நின்றது. சுழற்சி மெல்ல மெல்ல அடங்கி, கடைசியில் ஒரு சின்ன முனகலோடு முடிந்தது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பல்பு பியூஸ் போகவே இல்லை.

"எரியுதுக்கா!" என்று ரேடியோ போட்ட கூச்சலில் கூரையே அதிர்ந்தது. பிட்டர் எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார். மேனேஜர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஆர்டர் காகிதத்தை எடுத்தார், எல்லாரும் பார்க்கக் கிழித்தார், கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "மத்த பதிமூணு ஆலைக்கும் எழுதணும். எப்படி எழுதறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"வால்விலேருந்து ஆரம்பிங்க சார்" என்றாள் காத்தக்கா.

எல்லாரும் வாளிகளைக் கழுவப் போனார்கள். அவள் மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது போன் அடித்தது. தங்கை.

"ஹலோ? அக்கா? கட்டாயிடுச்சா என்ன, ஹலோ?"

"கட்டாகல. சொல்லுடி."

"எங்கக்கா இருக்க? இன்னிக்கு ஆலைக்குப் போறேன்னியே."

"ஆலையிலதான் இருக்கேன். மூணாம் நம்பருக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"பொய் சொல்லாத. சத்தமே இல்லையே."

காத்தக்கா போனை மெஷினின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தாள். தகடு இன்னும் சூடாக இருந்தது. முள் ஏழுக்குப் பக்கத்திலேயே நின்றது, மஞ்சள் விளக்கு அவள் கைவிரல்களில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதுக்குக் கொண்டுவந்தபோது தங்கையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அமைதியில், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பக்கத்துச் சத்தம் காத்தக்காவுக்குக் கேட்டது. தங்கை வீட்டுக் கொடியில் துணிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.